வண்டல் கலங்காமல்

பிப்ரவரி 9

அன்புத் தங்கை வாலுவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்து யாருடைய மருந்துச் சீட்டோ முகவரி தவறி வந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடாதே. நானும் உன் அண்ணியும் பாப்பாவும் சௌக்கியம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

இனிமேல் உன்னோடு போனில் பேசுவதாக இல்லை. நான் வேலை பார்ப்பது லிஃப்ட் குழிக்குள். அங்கே சிக்னல் கிடையாது. நான் மேலே ஏறி வரும் நேரத்தில் நீ ஹோட்டலில் ஓடிக்கொண்டிருப்பாய். தப்பித் தவறி இரண்டு பேரும் ஓய்வாக இருந்தால் மூன்றாவது நிமிஷம் சண்டை. கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கிற வரை நீ குறுக்கே பேச முடியாது. நீ பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து எனக்குக் கிடைக்காத வசதி இது. போதாததற்குத் தொண்டை வேறு கட்டியிருக்கிறது. கரகரவென்று பேசினால் யாரோ மிரட்டுகிறான் என்று போனை வைத்துவிடுவாய்.

பாதாள அறைச் சாவி உன் கைக்கு வந்துவிட்டதாமே! பதினோரு வருஷம் தட்டு தூக்கினாய், மேசை துடைத்தாய். இப்போது அந்த ஹோட்டலின் ஒயின் அத்தனைக்கும் நீ பொறுப்பு. “ஒரு சொட்டு குடிக்காத குடும்பத்துல பொறந்தவ ஒயினுக்கு அதிகாரியாம்!” என்று உன் அண்ணியிடம் சொல்லிச் சிரித்தேன். வெளியே கிண்டல். உள்ளே எவ்வளவு பெருமை என்பதை எழுத மாட்டேன், தலையில் ஏறிவிடும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ என்ன சுவைக்கிறாய், அது எப்படி இருக்கிறது என்று எழுது. “நல்லா இருந்துச்சு” என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதே. விவரமாக வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்

•

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை ஆச்சரியத்தில், இரண்டாம் தடவை கோபத்தில், மூன்றாம் தடவை அந்தப் பெருமை வரிக்காக. நான் நலம். முழங்காலை மடக்கிப் பெட்டியைத் தூக்கினால் முதுகு வலிக்காது என்று நீ சொன்னது சரிதான். உன் தொண்டைக்குச் சுடுதண்ணீர் குடி. அண்ணி சொன்னால் கேள்.

ஒயினைப் புளித்த தண்ணீர் என்பவன் திடீரென்று விவரம் கேட்கிறாய். சரி, கேட்டுக்கொள்.

ஏப்ரலில் ஒரு விருந்து வருகிறது. வருஷத்துக்கு ஒரு தடவை எட்டுப் பேர் எங்கள் ஹோட்டலின் உள்அறையில் கூடுவார்கள். ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டுவர வேண்டும். எல்லாமே பிரான்ஸில் போர்தோ என்கிற ஊர்ப் பக்கத்துச் சிவப்பு ஒயின். எதுவும் இருபத்தைந்து வருஷத்துக்குக் குறையாமல் உறங்கியிருக்க வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகச் சுவைத்துப் பேசுவார்கள். இத்தனை வருஷமும் நான் அங்கே தட்டுதான் வைத்தேன். இந்த வருஷம் பாட்டில்களைத் திறக்கப் போவது நான்.

கூட்டத்தைக் கூட்டுகிறவர் ஒரு பல் டாக்டர் அம்மா. எழுபதைத் தாண்டியவர். சிரித்தால் நம் பல்லைத்தான் முதலில் பார்ப்பார். எனக்கு அந்தக் கூட்டத்திலேயே பிரமிப்பு ஒரு பஸ் டிரைவர் மேல். ஆமாம், நகரத்துப் பேருந்து ஓட்டுகிறவர்தான். ஒரு காலத்தில் பல் பிடுங்கப் போயிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்ததும், “உள்ள எங்கயோ கிராம்பு எண்ணெய்க் குப்பி சரியா மூடலை டாக்டர்” என்றாராம். இரண்டு கதவுக்கு அப்பால் உண்மையிலேயே மூடி தளர்ந்திருந்தது. பல்லைப் பிடுங்கிய கையோடு ஆளைக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார் அம்மா.

போன வாரம் டிரைவர் வந்தபோது, பழகிப் பார்க்க ஒரு பழைய பாட்டிலைத் திறந்தேன். முதலில் ஒரு வாசமும் இல்லை. பத்து நிமிஷம் கழித்து, அப்போதுதான் சீவிய பென்சில் முனையின் வாசம். அதற்கும் அப்புறம் பழைய தோல் பெல்ட். கடைசியில்தான் பழம் வந்தது, அதுவும் உலர்ந்த கறுப்புத் திராட்சையாக. “அவசரப்படாதீங்க தங்கச்சி, இது தூங்கி எந்திரிச்சு முகம் கழுவ வேண்டாமா?” என்றார் டிரைவர்.

போதுமா விவரம்?

உன்
வாலு

•

மார்ச் 6

அன்பு வாலுவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தை நீயே பார்த்துக்கொள்ள வேண்டும், அண்ணன் தூரத்தில் இருக்கிறேன்.

பென்சில் வாசம் என்று படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பழைய லிஃப்டுகளில் தண்டவாளத்துக்கு கிராஃபைட் மசகு போடுவோம். பென்சில் முனையும் அதே சரக்குதான். இருபது வருஷமாக என் சட்டையில் ஒட்டியிருக்கிற நாற்றத்துக்கு உங்கள் மேசையில் இவ்வளவு மரியாதையா! உன் அண்ணியிடம் காட்டினேன். “அப்ப உங்க சட்டையையும் இருபத்தஞ்சு வருஷம் பூட்டி வைக்கிறேன்” என்கிறாள்.

இப்போது கேள்விகள். வாயில் வைத்தவுடன் அது முதலில் எங்கே தெரியும்? நாக்கு நுனியிலா, ஓரத்திலா? புளிப்பு முன்னால் வருமா, துவர்ப்பு முன்னால் வருமா? விழுங்கிய பிறகும் ருசி நிற்கும் என்பார்களே, எவ்வளவு நேரம்? எண்ணிப் பார்த்துச் சொல். ஒயின் மட்டும் வேண்டாம், அதோடு வைக்கிற ரொட்டி, கறி, காளான் எல்லாவற்றையும் எழுது. ரொட்டியின் மேல்தோல் உடையும்போது எப்படி இருக்கும் என்றுகூட எழுது.

எனக்கு லீவு நிறையச் சேர்ந்துவிட்டது என்று மேலதிகாரி கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். அதனால்தான் இத்தனை கேள்வி. வேலை இல்லாதவன் பூனைக்குச் சவரம் செய்த கதை.

அன்புடன்,
அண்ணன்

•

மார்ச் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். உன்னைத்தான் நலமா என்று கேட்க வேண்டும். லீவு தந்தாலும் வேலைக்கு ஓடுகிறவன் நீ. ஞாயிற்றுக்கிழமை அண்ணிக்குப் போன் செய்தேன். “அவர் வெளிய போயிருக்காரும்மா” என்றாள். பின்னால் யாரோ இருமுவது கேட்டது. “யாரு அண்ணி?” என்றால் “டிவி” என்றாள். தொண்டைக்கட்டு இன்னுமா விடவில்லை? உன் கையெழுத்தும் குறுகிப்போயிருக்கிறது. தாள் மிச்சம் பிடிக்கிறாயா?

உன் கேள்விக்காகவே நேற்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தேன். புளிப்பு நாக்கின் இரண்டு ஓரத்திலும் ஊறியது. துவர்ப்பு பின்னால் வந்தது. ஈறும் கன்னமும் லேசாக இறுகின, புதுத் துணி உரசுவது போல. விழுங்கிய பிறகு நாற்பத்து மூன்று எண்ணினேன். அப்போதும் ஏதோ மிச்சம் இருந்தது, ஆள் போன பிறகு அறையில் நிற்கிற சூடு போல. ரொட்டியைக் கேட்டாய். மேல்தோல் பல்லுக்கடியில் சரக்கென்று உடையும், கொஞ்சம் கருகல் கசப்பு, உடனே உள்ளிருக்கிற வெள்ளைச் சதை வந்து அதைச் சமாதானப்படுத்தும்.

விருந்துக்கான பாட்டில்கள் வர ஆரம்பித்துவிட்டன. எல்லாவற்றையும் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். பழைய ஒயினில் வண்டல் இருக்கும். அது அடியில் இறங்க நாள் வேண்டும். ஒரு பாட்டிலை மட்டும் டாக்டர் அம்மாவே மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அவருடைய கணவர் டிசம்பரில் இறந்துவிட்டார். அவரும் எட்டுப் பேரில் ஒருவர். அந்த பாட்டில் அவர்கள் கல்யாண வருஷத்து ஒயின், நாற்பத்தொரு வயது. ஒவ்வொரு வருஷமும் வேறு ஒன்றைக் கொண்டுவருவாரே தவிர இதைத் திறக்க விடமாட்டாராம். “இந்தத் தடவை ஏழு பேரு, எட்டு பாட்டில்” என்று சொல்லிவிட்டுப் போனார் அம்மா.

அதைத் திறக்க வேண்டியது நான்.

உன்
வாலு

•

ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் பதில் வரவில்லை. இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எல்லோரும் நலம்தானே? நான் நலம். நேற்று விருந்து நடந்தது.

மாலையிலேயே உள்அறை ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டேன். பூ கிடையாது, ஊதுவத்தி கிடையாது, என் தலையில் எண்ணெய்கூடக் கிடையாது. வெள்ளை மேசைவிரிப்பு, ஆளுக்கு எட்டு கிளாஸ். எட்டாவது நாற்காலியை எடுத்துவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். “இருக்கட்டும். என் கைப்பையை வெச்சுக்க எடம் வேண்டாமா?” என்றார்.

பழைய கார்க் ரொட்டித்தூள் மாதிரி உதிரும். சுருள் கம்பியைத் திருகினால் உள்ளே விழுந்துவிடும். இரண்டு மெல்லிய தகடு உள்ள ஒரு கருவி உண்டு. அதைக் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இறக்கி ஆட்டி ஆட்டி மேலே கொண்டுவர வேண்டும். நீ சிக்கிக்கொண்ட லிஃப்டைக் கையால் மாடிக்கு ஏற்றுவாயே, அதே நிதானம். பிறகு பாட்டிலின் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தி வைத்து, கண்ணாடிக் குடுவையில் சாய்த்து ஊற்ற வேண்டும். கறுப்பாக ஒரு கோடு பாட்டிலின் தோளுக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். அதுதான் வண்டல்.

முதல் நான்கும் சொன்னபடி கேட்டன. இரண்டாவது மாதுளை நிறத்தில் வந்தது, வாசம் மழைக்குப் பிந்திய மரப்பட்டை. மூன்றாவதில் ஆட்டுக்கறி வந்து சேர்ந்ததும் ஏழு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நெருப்பில் வாட்டிய தொடைக்கறி. ஒரு துண்டு மென்று ஒரு வாய் ஒயின் குடித்தால், கறியின் கொழுப்பை அது வழித்துக்கொண்டு போய்விடும், வாய் மறுபடி முதல் துண்டுக்குத் தயாராகிவிடும். நான்காவதை டிரைவர் மோந்து பார்த்து, “இது நல்லவன்தான், ஆனா கூச்சக்காரன். கறியைத் தள்ளி வெச்சுட்டுக் கேளுங்க” என்றார். எல்லோரும் தட்டைத் தள்ளி வைத்தார்கள். அவர் சொன்னது போலவே ஐந்து நிமிஷத்தில் அந்த ஒயின் வாயைத் திறந்தது. ஒரு நீதிபதியும் ஒரு அச்சக முதலாளியும் ஒரு பேருந்து ஓட்டுநரின் சொல்லுக்காகக் கறியை ஆறவிட்டுக் காத்திருந்ததைப் பார்க்க எனக்குச் சிலிர்த்தது.

ஐந்தாவது அம்மாவின் பாட்டில்.

கார்க் முழுசாக வந்தது. இவ்வளவு அழகாக வந்ததே என்று சந்தோஷப்பட்டு முகர்ந்தேன். மழையில் நனைந்து மூலையில் கிடந்த அட்டைப்பெட்டி. ஒரு துளி நாக்கில் வைத்தேன். அதேதான். பழமும் இல்லை, பென்சிலும் இல்லை. நனைந்த அட்டை மட்டும். கார்க்கிலேயே சில சமயம் இந்தக் கேடு இருக்கும் அண்ணா. வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது.

பரிமாறும் அலமாரிப் பக்கம் நான் தனியாக நின்றேன். பொய் சொல்ல எத்தனை வழி தோன்றியது தெரியுமா? கை தவறிக் கீழே போட்டுவிட்டேன் என்று சொல்லலாம். வேறொரு நல்ல பாட்டிலைக் குடுவையில் ஊற்றி நீட்டலாம். அப்போது டிரைவர் எழுந்து வந்தார். குடுவைப் பக்கம் குனியக்கூட இல்லை, முகம் மாறிவிட்டது.

“நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்றார் மெதுவாக.

“நான்தான் திறந்தேன். நான் சொல்றேன்.”

போய் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தேன். “அம்மா, இது கெட்டுப்போச்சு.”

அவர் என்னைப் பார்க்கவில்லை, குடுவையைத்தான் பார்த்தார். “எப்ப கெட்டிருக்கும்?”

“கார்க் போட்ட அன்னிக்கே அதுல இருந்திருக்கும்மா. நீங்க வெச்சுப் பார்த்த விதத்துல ஒரு தப்பும் இல்லை.”

“அவரு மாசத்துக்கு ஒருவாட்டி போய்ப் பார்ப்பாரு. இருட்டா இருக்கா, குளிர்ச்சியா இருக்கான்னு. குழந்தை தூங்குதான்னு பார்க்கிற மாதிரி.” தன் கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, “எனக்கு ஒரு வாய் ஊத்து” என்றார்.

ஊற்றினேன். குடித்தார். முகத்தைச் சுளித்தார். “கண்றாவியா இருக்கு!” என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “இந்த மனுஷன் மூடியே வெச்சிருந்தாரு. என்னிக்காவது திறந்திருந்தா, அவரு இருக்கும்போதே ரெண்டு பேரும் சேர்ந்து இப்படிச் சிரிச்சிருக்கலாம்.”

மற்ற ஆறு பேரும் யாரும் சொல்லாமலே தங்கள் கிளாஸை நீட்டினார்கள். கெட்டுப்போன ஒயினை ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள், ஒருத்தரும் “பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அடுத்தது டிரைவருடைய பாட்டில். அதன் முதல் கிளாஸ் அம்மாவுக்குப் போனது. செங்கல் நிறம், ஓரத்தில் ஆரஞ்சு. கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற ஒயின். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, “ம்” என்றார். அவ்வளவுதான்.

பதில் போடு.

உன்
வாலு

•

மே 20

அண்ணனுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டு அலுத்துவிட்டது. ஐந்து வாரம் ஆகிறது. அண்ணி போனை எடுத்தால் “நல்லா இருக்கோம்மா, அடுப்புல வெச்சிருக்கேன்” என்று வைத்துவிடுகிறாள். காலையில் போன் செய்தாலும் அடுப்பு, சாயங்காலம் செய்தாலும் அடுப்பு. பாப்பாவைக் கேட்டால் “அப்பா எழுதுவாரு அத்தை” என்கிறாள். நான் என்ன தப்பு எழுதினேன்? குடிக்கிற இடத்துக் கதையை எழுதிவிட்டேன் என்று கோபமா? கோபம் என்றால் திட்டியாவது எழுது.

வாலு

•

ஜூன் 2

அன்பு வாலுவுக்கு,

கோபம் இல்லை. உன் ஏப்ரல் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கே இல்லை. மடிப்பு கிழிந்து, உன் அண்ணி பின்னால் துணி ஒட்டித் தந்திருக்கிறாள்.

அந்த அம்மாவிடம் நீ குனிந்து சொன்னது போல நானும் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்து படி.

ஜனவரியில் என் தொண்டையில் கட்டி என்றார்கள். புற்று. முப்பத்து மூன்று தடவை கதிர்வீச்சு. முதல் கடிதத்தை எழுதிய மறுநாள் ஆரம்பித்தது. தொண்டை கட்டியது என்று எழுதினேனே, குரலே போய்விட்டது. போனில் உன்னை ஏமாற்ற முடியாது. எழுத்துக்குத் தொண்டை கட்டாது அல்லவா, அதுதான் கடிதம். சாவி உன் கைக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. சொன்னால் அதை வீசிவிட்டு அடுத்த ரயிலில் வந்து நிற்பாய். உன் அண்ணியையும் பாப்பாவையும் சத்தியம் வாங்கிக் கட்டிப்போட்டேன். அவர்களைத் திட்டாதே.

வாய் முழுக்கப் புண்ணாகி விழுங்க முடியாமல் போனது. வயிற்றில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். மூன்று வேளையும் உன் அண்ணி அதன் வழியாகக் கஞ்சியை ஊற்றுவாள். அந்த நேரத்தில்தான் உன் கடிதத்தைக் கையில் எடுப்பேன். அவள் ஊற்றுவாள், நான் படிப்பேன். ரொட்டியின் மேல்தோல் பல்லுக்கடியில் உடைவதைப் படித்த அன்று பாதியில் நிறுத்தச் சொல்லி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். நீ நனைந்த அட்டைப்பெட்டி என்று எழுதினாயே, என் வாயில் இப்போது எல்லாமே அதுதான். தண்ணீர்கூட.

அடுத்த வாரம் பரிசோதனை இருக்கிறது. முடிவு எப்படி வரும் என்று தெரியாது. பயமாக இருக்கிறது வாலு. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

“மூடியே வெச்சிருந்தாரு” என்று அந்த அம்மா சொன்னது எனக்குச் சொன்னது போல இருந்தது. அதனால் திறந்துவிட்டேன்.

அன்புடன்,
அண்ணன்

•

ஜூன் 5

அண்ணா,

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். பரிசோதனைக்கு நான் கூட வருவேன். சாவியைத் துணை ஆளிடம் கொடுத்திருக்கிறேன், வீசவில்லை. நீ முட்டாள். உலகத்தில் இருக்கிற முட்டாள்களிலேயே என் முட்டாள். வந்து நேரில் திட்டுகிறேன், பதில் பேச உனக்குக் குரல் இல்லை என்பது எனக்கு வசதி.

வாலு

•

ஜூலை 11

அன்பான வாலும்மாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். எனக்குத் தைக்க வருகிற துணிக்கு அளவு எழுதித்தான் பழக்கம், அதனால் இதுவும் அளவு நோட்டுத் தாளில் வருகிறது. இங்கே சுகம். நீ பத்து நாள் இருந்துவிட்டுப் போனதில் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

நேற்று டாக்டர் முழு அறிக்கையையும் பார்த்துவிட்டு, கட்டி இருந்த சுவடே தெரியவில்லை என்றார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். குழாயையும் எடுத்துவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் என் முதுகைத் தட்டி, “எந்திரி, வழியில உட்கார்ந்தா லிஃப்டுக்குப் போறவங்களுக்கு இடைஞ்சல்” என்று கரகரத்தார்.

ஒரு குறைதான். மேசைக்கு வரமாட்டேன் என்கிறார். கூழ் மாதிரி எதுவும் விழுங்க முடிகிறது. ஆனால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்அறைக்குப் போய்விடுகிறார். நானும் பாப்பாவும் இங்கே, அவர் அங்கே. “ருசி தெரியாதவன் உங்க நடுவுல உட்கார்ந்து என்ன பண்ண, உங்களுக்கும் எறங்காது” என்கிறார். உடம்பு திரும்பி வந்துவிட்டது, ஆள் இன்னும் வரவில்லை. நீ ஏதாவது செய்.

அண்ணி

•

ஆகஸ்ட் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று தாளில் முத்திரை குத்தி வந்துவிட்டது, இனிமேல் கேட்க மாட்டேன்.

செப்டம்பர் பதினான்காம் தேதி மதியம் உன் வீட்டில் விருந்து. டாக்டர் அம்மா, டிரைவர், நான். உன் கதையை அவர்களிடம் சொன்னேன். யாரைக் கேட்டுச் சொன்னாய் என்று ஆரம்பிக்காதே. மூடி வைக்கிற வேலை நம் வீட்டில் முடிந்துவிட்டது. “அவரால இங்க வர முடியாதுன்னா நாம போறோம்” என்றார் அம்மா. மற்றவர்கள் மூன்று பாட்டில் கொடுத்தனுப்புகிறார்கள். வயது முப்பத்திரண்டு, முப்பத்தாறு, நாற்பது. டிரைவர் வேன் ஓட்டுகிறார். வண்டி குலுங்கினால் வண்டல் கலங்கிவிடும் என்று நான் கவலைப்பட்டதற்கு, “அது என் பொறுப்பு” என்று சொல்லிவிட்டார்.

உனக்கு வீட்டில் பெரிய மேசை இல்லை என்பாய். அண்ணியின் துணி வெட்டும் மேசை போதும். அண்ணியிடம் பேசியாகிவிட்டது.

உன்
வாலு

•

செப்டம்பர் 16

அன்பு வாலுவுக்கு,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். இங்கே மூன்று பேரும் நலம். நீ இங்கேயே இருந்தாய் என்றாலும் சமையலறையில் உன் அண்ணியோடு இருந்தாய். அதனால் உனக்குத் தெரியாத பாதியை எழுதுகிறேன்.

வேன் வந்து நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நின்றது தெரியவில்லை. ஓடிக்கொண்டிருந்தது, பிறகு நின்றிருந்தது. நடுவில் ஒரு அசைவும் இல்லை. மாடியில் லிஃப்ட் நிற்கும்போது உள்ளே இருக்கிறவன் கால் தடுமாறக் கூடாது என்பதற்காக இருபது வருஷம் பாடுபட்டவன் நான். டிரைவர் பாட்டிலை எடுத்து வந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு நாள் சாலையில் வந்த நாற்பது வயதுக் கிழம், வண்டல் இம்மியும் கலங்காமல் அடியில் உட்கார்ந்திருந்தது. எப்படி என்று கேட்டேன். “பிரேக்கை மிதிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே நிறுத்தறதுன்னு மனசுல முடிவு பண்ணிடணும் சார். அப்புறம் வண்டி தானா நிக்கும்” என்றார். அந்த மனுஷனுக்கு என் தொழில் பெட்டியையே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

இருந்தாலும் எல்லோரும் உட்காரப் போகிற நேரத்தில் நான் பின்அறைக்குப் போய்விட்டேன். கதவைத் தட்டிவிட்டு டாக்டர் அம்மா உள்ளே வந்தார். “வாயைத் திற” என்றார். திறந்தேன். சின்ன டார்ச் அடித்து, பல், ஈறு, நாக்கு எல்லாம் பார்த்தார். “எச்சில் கொஞ்சம் ஊற ஆரம்பிச்சிருக்கு. பல்லைப் பத்திரமா வெச்சுக்கோ, கதிர்வீச்சு பட்ட பல்லு சீக்கிரம் கெடும்” என்றார்.

“எனக்கு நாக்கு செத்துப்போச்சும்மா. அங்க உட்கார்ந்து என்ன பண்றது?”

“மூக்கு?”

“மூக்கு இருக்கு.”

“அப்ப எந்திரி. எங்க கூட்டத்துல பாதிப் பேருக்கு எழுபது வயசாச்சு. நாக்கு எப்பவோ போச்சு. மூக்கை வெச்சுதான் வண்டியை ஓட்டிட்டு இருக்கோம், வெளிய சொல்லிடாதே.”

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவன் அப்புறம் எப்படி முரண்டு பிடிப்பது? அவர் பின்னாலேயே வந்தேன்.

துணி வெட்டும் மேசையில், சாக்பீஸ் கோடு போட்ட வெள்ளைத் துணி மேல், என் முன்னால் மூன்று கிளாஸ். நாற்பது வயதுக்காரனை மோந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பயந்தேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு வந்தது. “சொல்லுங்க” என்றார் டிரைவர். எனக்கு உங்கள் பாஷை தெரியாது. “ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த வீட்டை மழை விட்டதும் திறந்த மாதிரி இருக்கு” என்றேன். அவர் மறுபடி தன் கிளாஸில் மூக்கை வைத்தார். வெகு நேரம் வைத்திருந்தார். “ஆமா. இதை நான் கவனிக்கலை” என்றார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் வாலு. நோயாளிக்குச் சொல்கிற ஆறுதல் அதில் இல்லை. கெட்டுப்போன ஒயினை நல்லது என்று சொல்லாத ஆள் அவர் என்று நீதானே எழுதியிருந்தாய்.

காளான் சூப், மசித்த கிழங்கு, பஞ்சாக வெந்த கறி. எனக்கு இறங்குகிற மாதிரியே எல்லோருக்கும் சமைத்திருந்தாள் உன் அண்ணி. ஒருத்தரும் அதைப் பேச்சில் கொண்டுவரவில்லை. பாப்பா என் கிளாஸை வாங்கி மோந்து, “ஐயே, அழுக்குச் சட்டை” என்றதற்கு அம்மா, “சேர்த்துக்கலாம் இவளை” என்றாரே, அது மட்டும் நீயும் கேட்டிருப்பாய். நான் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன் என்பதே தட்டுகளை எடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ருசி கிடையாது. ஆனால் கிண்ணம் காலி.

அவர்கள் எல்லோருக்கும் என் வணக்கத்தைச் சொல். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை. நீ பாட்டிலைச் சாய்த்துக் கறுப்புக் கோடு வந்ததும் கையை நிறுத்தினாயே, அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். இந்தத் தடவை பெருமையை எழுதிவிடுகிறேன், தலையில் ஏறினால் ஏறட்டும்: அந்தக் கையைப் போல ஒரு கையை என் தொழிலில் நான் பார்த்ததில்லை.

அன்புடன்,
அண்ணன்

•

நவம்பர் 28

அன்பு வாலுவுக்கு,

எல்லோரும் நலம். வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன், இப்போதைக்குக் குழியில் இறங்காத வேலை. இந்தக் கடிதம் சின்னதுதான், ஆனால் இன்றைக்கே தபாலில் சேர்க்க வேண்டும்.

இன்று காலை மேசையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். தினமும் குடிக்கிற அதே சூடான அட்டைப்பெட்டித் தண்ணீர். இரண்டாவது வாயில் அடிநாக்கில் ஏதோ ஒன்று நறுக்கென்றது. கிளாஸைக் கீழே வைத்தேன். மறுபடி எடுத்துக் குடித்தேன். மறுபடியும் நறுக்.

“கசக்குது!” என்று கத்தினேன். கத்தல் என்று சொன்னால் பொய், தகரத்தைத் தரையில் இழுத்தது போல ஒரு சத்தம். உன் அண்ணி கையில் கத்தரிக்கோலோடு எட்டிப் பார்த்தாள்.

“கசக்குதுடி!”

அவள் பதறிப்போய், டிகாஷன் அதிகமாகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மேசைக்கு நாலடி தூரத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. டப்பா கையிலேயே நின்றுவிட்டது.

“போடட்டுமா?” என்று கேட்டாள்.

“வேண்டாம்” என்றேன். மிச்சம் இருந்ததை முழுசும், கசப்போடேயே, மெதுவாகக் குடித்து முடித்தேன்.

அன்புடன்,
அண்ணன்